பத்தொன்பது சட்டிகளின் அடிப்பக்கம்

நீக்கிலாப்பிள்ளை ஒரு முடிவு எடுத்தார். மாலை ஐந்து மணிக்குள் பத்தொன்பது சட்டிகளையும் பளபளப்பாக்குவது. அவரவர் வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பது. நன்றி என்று ஒரு சொல் சொல்வது. திரும்பி வருவது. ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிஷம். உள்ளே கூப்பிட்டால் போகக் கூடாது. தேத்தண்ணி என்றால் இப்பதான் குடித்தேன் என்று சொல்ல வேண்டும்.

மனிதர் கெட்டவர் இல்லை. கூட்டம் ஆகாது, அவ்வளவுதான்.

சட்டிகள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடலாம். மாசி மாதக் கடைசியில் அவர் மனைவி யூஜினி, டோர்செட் பார்க்கில் அவர்கள் இருக்கும் கட்டடத்தின் கார் தரிப்பிடத்தில் ஐஸில் சறுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், மாவுக்கட்டு. அந்த வீட்டில் சமைக்கத் தெரிந்த கை அது ஒன்றுதான். நீக்கிலாப்பிள்ளை முட்டை அவித்தால் தண்ணீர் வற்றி முட்டை வெடிக்கும்.

ஆஸ்பத்திரியால் பசியோடு திரும்பி வந்த அன்று மத்தியானம், பதினோராம் மாடியில் அவர்கள் வீட்டுக் கதவுப் பிடியில் ஒரு பை தொங்கியது. உள்ளே இடியப்பமும் சொதியும். சூடு ஆறவில்லை. ஒரு வாய் வைத்ததும் நீக்கிலாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. பச்சை மிளகாய் கூடிவிட்டது என்றார். அந்தச் சொதியில் பச்சை மிளகாயே இல்லை.

பிறகு ஆறு கிழமையும் சாப்பாடு வந்தது. கட்டடத்திலிருந்து வந்தது. கோயில் ஆட்களிடமிருந்து வந்தது. ஒருநாளும் நிற்கவில்லை. சாப்பாடு போனது, சட்டிகள் நின்றுவிட்டன.

எங்கள் சனம் இந்த ஊரில் ஒரு வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்தால், சட்டியின் அடியில் மாஸ்கிங் டேப்பில் பெயரும் வீட்டு இலக்கமும் எழுதி ஒட்டியிருக்கும். காரணம் இருக்கிறது. மோர்னிங்சைட்டில் ஒரு கொண்டாட்டத்தில் மூடி மாறிப்போய், இரண்டு குடும்பங்கள் ஒன்பது வருசமாக முகம் பார்ப்பதில்லை. மூடி இன்னும் பிழையான வீட்டில்தான் இருக்கிறது. இரண்டாவது, சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அது சட்டம். எங்கும் எழுதியிருக்காது, எல்லாருக்கும் தெரியும். நீக்கிலாப்பிள்ளை மட்டும் நன்றிச் சொல்லே சட்டியை நிரப்பும் என்று நினைத்தார்.

மாவுக்கட்டு வெட்டினதும் யூஜினிக்கு ஒரே ஒரு ஆசை. கீழே கட்டடத்துப் பொது ஹோலில் எல்லாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட வேண்டும். இருத்திச் சாப்பாடு கொடுக்க வேண்டும். ஆறு கிழமை எங்களைத் தாங்கின சனம், சும்மா வாசலில் நின்று கும்பிடு போடுகிற காரியம் இல்லை என்றாள்.

“நன்றி சொல்ல ஹோல் தேவையில்லை. வாய் காணும், அது போதும்” என்றார் நீக்கிலாப்பிள்ளை.

இரண்டாம் முறை கேட்டாள். அதே பதில். மூன்றாம் முறை கேட்டாள். அதே பதில். பிறகு கேட்கவில்லை. நாற்பத்து நாலு வருசம் குடும்பம் நடத்தின ஆளுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஈஸ்டர் முடிந்த வியாழக்கிழமை காலை, மகள் நிலாணி ரெக்ஸ்டேலிலிருந்து காரில் வந்தாள், அம்மாவைக் கைப்பயிற்சிக்கும் பிறகு தன் வீட்டுக்கும் கூட்டிப்போக. யூஜினி கோட்டைப் போட்டுக்கொண்டே குசினிப் பக்கம் பார்த்தாள். சட்டிகள் குப்புறக் கிடந்தன.

“இஞ்சாருங்கோ, சட்டியளைக் கழுவினால் காணும். அடியிலை கிடக்கிற டேப்போடை மினக்கெடாதேங்கோ. உந்தப் பசை உங்களுக்குப் போகாது.”

“ஏன் போகாது?”

“நீங்கள் ஒட்டின ஆள். உரிக்கிறது வேறை வேலை.”

கதவு சாத்திக்கொண்டது.

இருபத்தாறு வருசம் அவர் ஷாம்பு போத்தல் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை செய்தவர். லேபல் நேராக ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. ஒரு மில்லிமீற்றர் சரிந்திருந்தாலும் போத்தலைத் திருப்பி அனுப்பிவிடுவார். பென்ஷன் எடுத்த பிறகும் கண் ஓயவில்லை. அப்பிளில் இருக்கிற ஒட்டுத்தாளை உரிக்காமல் அப்பிள் பிரிட்ஜுக்குள் போகாது. மிளகாய்த்தூள் போத்தலின் லேபல் சுவரைப் பார்த்து நின்றால் அவருக்கு நித்திரை வராது. அந்த மனிதரைப் பார்த்துத்தான் பசை போகாது என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

முதல் சட்டியைத் திருப்பிப் பார்த்தார். அநியாயம். புது டேப்புக்குக் கீழே பழைய டேப். அதற்குக் கீழே அதைவிடப் பழசு. சுற்றிவரச் சாம்பல் நிறப் பசை, அதில் பஞ்சும் தூசும் ஒரு தலைமயிரும். மேலே இருந்த பெயர் சரிந்து கிடந்தது. தொழிற்சாலையில் என்றால் மணி அடித்து வேலையையே நிற்பாட்டியிருப்பார்.

எல்லாவற்றையும் சுடுதண்ணீரில் ஊறப்போட்டார். டேப் கழன்றது, பசை அசையவில்லை. சவர்க்காரம் போட்டுக் கம்பித் தும்பால் தேய்த்தார். பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தது, பசை சிரித்தது. யூஜினி தலை காயவைக்கிற மெஷினைப் பிடித்துச் சூடாக்கினார். பசை இளகி விரலில் ஒட்டியது. விரலிலிருந்து துவாயில் ஒட்டியது. துவாய் அவருடைய மீசையில் ஒட்டியது. வினாகிரி ஊற்றினார். வீடு ஊறுகாய்ப் போத்தல் மாதிரி மணத்தது.

கடைசியில் தேங்காயெண்ணெயை எடுத்தார். அப்பச் சோடாவைக் கொட்டிக் குழைத்தார். பூசிவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்தார். வந்து ஒரு துணியால் துடைத்தார்.

பசை சுருண்டது. சின்னச் சின்னப் புழு மாதிரிச் சுருண்டு சுருண்டு உதிர்ந்தது. கீழே சட்டியின் உண்மையான உடம்பு தெரிந்தது. வாங்கின நாளுக்குப் பிறகு வெளிச்சம் கண்டிராத உடம்பு. நீக்கிலாப்பிள்ளைக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. இரண்டாவது, மூன்றாவது, பத்தாவது. எவர்சில்வர், கண்ணாடி, பிளாஸ்டிக் எதையும் விடவில்லை. நாலு ஐஸ்கிரீம் டப்பாக்கள் இருந்தன. அவற்றில் கொம்பனிக்காரன் ஒட்டினதையும் சேர்த்து உரித்தார். சோற்றுக்கஞ்சி மாதிரிக் கரைந்து கிடந்த டேப்பெல்லாவற்றையும் அள்ளிப் பையில் கட்டி, குப்பைக் குழாய்க்குள் போட்டார். பதினோரு மாடியும் அது விழுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

மூன்றரை மணி. கண்ணாடிச் சட்டியை முதலில் எடுத்தார். மூடி போட்ட, கனமான, நல்ல சட்டி. லிப்டுக்குள் ஏறினார். எந்த மாடி என்று பார்க்கச் சட்டியைத் திருப்பினார்.

அடியில் பெயர் இல்லை. அவருடைய முகம்தான் தெரிந்தது.

லிப்ட் கதவு தானாகச் சாத்தித் தானாகத் திறந்தது. யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை. நீக்கிலாப்பிள்ளை வீட்டுக்குள் திரும்பி வந்து கதிரையில் இருந்தார். பத்தொன்பது சட்டிகள். ஒன்றுக்கும் ஆள் தெரியாது. மோர்னிங்சைட் மூடி ஞாபகத்துக்கு வந்தது. ஒரு மூடிக்கு ஒன்பது வருசம் என்றால், பத்தொன்பது சட்டிக்குக் கணக்குப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. எங்களுக்குச் சோறு போட்ட சனம் ஒன்றோடொன்று அடிபட நானே காரணம் ஆகப்போகிறேன் என்று நினைத்தார்.

யூஜினியைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாள். ஆனால் பசை போகாது என்று சொன்னவளிடம், பசையோடு பெயரும் போய்விட்டது என்று எந்த வாயால் சொல்வது.

ஞாபகப்படுத்திப் பார்த்தார். சாப்பாடு ஒவ்வொன்றும் ஞாபகம் இருந்தது. கத்தரிக்காய்க் குழம்பு, மீன் பொரியல், குரக்கன் புட்டு, ஏழாம் மாடிக் கிருஷ்ணவேணியின் இட்லி, வாழைப்பூ வறை. எதில் வந்தது என்பது ஞாபகம் இல்லை. சாப்பிடுகிற மனிதன் சட்டியைப் பார்ப்பானா?

துணிந்து ஒரு டப்பாவோடு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். ஷாமிலா திறந்தாள். அது தன்னுடையது இல்லை என்றாள். தன்னுடையதற்குக் கறுப்பு மூடி. ஆனால் நன்றாக மினுங்குகிறதே, என்ன போட்டுத் தேய்த்தீர்கள் என்று கேட்டாள். நீக்கிலாப்பிள்ளை லிப்டுக்கு நடந்தார். ஏழாம் மாடியில் கோயம்புத்தூர்க்காரி கிருஷ்ணவேணி டப்பாவைத் திறந்து உள்ளே வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பாவப்பட்டு, “இது எங்களுது இல்லீங்க அங்கிள். சாப்பாடு ஏதாச்சும் வேணுங்களா?” என்று கேட்டாள். மானம் போயிற்று.

நாலாம் மாடியில் தனியாக இருக்கிற ஜோசுவாவிடம் கண்ணாடிச் சட்டியைக் காட்டினார்.

“ஓம் அண்ணை, என்ரைதான்” என்றான் ஜோசுவா. சட்டியை வாங்கினான். கதவைச் சாத்தினான்.

அப்பாடா, ஒன்று குறைந்தது என்று லிப்டில் ஏறின பிறகுதான் நீக்கிலாப்பிள்ளைக்கு ஞாபகம் வந்தது. ஜோசுவா கொண்டுவந்தது பேக்கரிப் பாண். கடதாசிப் பையில் கொண்டுவந்தான். கடதாசிப் பைக்கு மூடி கிடையாது. திரும்பி ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். உள்ளே டிவி கேட்டது. கதவு திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, மிச்சம் பதினெட்டையும் சாப்பாட்டு மேசையில் அடுக்கி, மேலே கட்டில் விரிப்பால் மூடினார். யோசித்தார். நான் சட்டியைத் தேடிக்கொண்டு போனால்தானே ஆள் தெரிய வேண்டும். ஆட்கள் சட்டியைத் தேடிக்கொண்டு வந்தால்? அவரவர் சட்டி அவரவருக்குத் தெரியும். எல்லாரும் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் வந்தால் போதும்.

தன்னுடைய மூளையை எண்ணி அவருக்கே பெருமையாக இருந்தது.

ஐந்து மணிக்கு யூஜினி வந்தாள். சப்பாத்தைக் கழற்றவில்லை, இவர் தொடங்கிவிட்டார்.

“ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிடுவம்.”

“ஆரை?”

“சாப்பாடு தந்த எல்லாரையும். கீழை ஹோலுக்கு.”

யூஜினி இடது கையை அவர் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

“நன்றி சொல்ல வாய் காணும் எண்டனீங்கள்.”

“யோசிச்சுப் பாத்தன். காணாது.”

“ஆர் சமைக்கிறது? என்ரை கை இன்னும் கரண்டி பிடிக்காது.”

“நான்” என்றார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது.

யூஜினி மூக்கைச் சுழித்தாள். வீடு முழுக்கத் தேங்காயெண்ணெய் மணக்கிறதே, போத்தல் எங்கே என்று கேட்டாள்.

“தலைக்கு வைச்சனான்.”

“ஆரின்ரை தலைக்கு?”

நீக்கிலாப்பிள்ளையின் தலையில் மயிர் போய்ப் பதினைந்து வருசம். யூஜினி அந்த வழுக்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மேசையில் மலை மாதிரி மூடியிருந்த விரிப்பைப் பார்த்தாள். என்ன என்று கேட்கவில்லை. கிட்டப் போகவும் இல்லை. ஹோல் கேட்டுப் பார்க்கிறேன், கிடைக்குமோ தெரியாது என்றாள். பத்து நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. கடவுள் என் பக்கம் நிற்கிறார் என்று நீக்கிலாப்பிள்ளை நம்பினார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேலை தொடங்கியது. இருநூறு கட்லட். யூஜினி கதிரையில் இருந்தாள், நீக்கிலாப்பிள்ளை நின்றார். உருளைக்கிழங்கு அவித்தார். மீன் முள் எடுத்தார். வெங்காயம் வெட்டினார், அழுதார், திரும்ப வெட்டினார். உப்பு என்றாள், போட்டார். இன்னும் என்றாள், போட்டார். காணும் என்று அவள் சொன்னபோது கை முந்திவிட்டது. இன்னும் நாலு கிழங்கு அவிக்க வேண்டி வந்தது. இதையெல்லாம் ஒரு நாளும் முகம் சுழிக்காமல் இவள் நாற்பத்து நாலு வருசம் செய்திருக்கிறாளே என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது. வாய்விட்டுச் சொல்லவில்லை. தட்டில் நல்ல கட்லட் ஒன்றைப் பார்த்து எடுத்து ஊதி ஆறவைத்து அவள் கையில் கொடுத்தார். அவருடைய பாஷையில் அது பெரிய பேச்சு.

உருட்டுவதில் மட்டும் ஆளை வெல்ல முடியாது. இருநூறும் ஒரே அளவு. சரிந்த மூன்றைத் திருப்பி அனுப்பினார், அதாவது தானே தின்றார்.

யூஜினி மேசையில் மாஸ்கிங் டேப் உருளையை வைத்துக்கொண்டு பேனாவால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். விரலுக்குப் பயிற்சி, எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். கடதாசி இல்லையோ என்று கேட்டார். கையில் அகப்பட்டது இதுதான் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஹோலுக்குப் போனார்கள். பதினெட்டுச் சட்டிகளையும் நீட்டு மேசையில் நிரையாக வைத்தார். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆறு கட்லட். வெறுமையாகத் திருப்பக் கூடாது. வாசலில் யூஜினி அவருடைய சட்டையின் முதுகுப் பக்கத்தைத் தடவி நேராக்கி, இரண்டு தட்டுத் தட்டினாள். சந்தோசத்தில் தட்டுகிறாள் என்று நினைத்து நிமிர்ந்து நடந்தார்.

சனம் வந்தது. நீக்கிலாப்பிள்ளை பேசினார். எழுதிப் பாடமாக்கின பேச்சு.

“சாப்பாடு தந்தனீங்கள். சாப்பிட்டம். மறக்கமாட்டம். உங்கடை உங்கடை சட்டியை எடுங்கோ.”

கை தட்டினார்கள். போய் எடுத்தார்கள். அவர் எதிர்பார்த்தபடியே அவரவர் சட்டி அவரவர் கைக்குப் போனது. நீல மூடி டப்பா இரண்டுக்கு மட்டும் ஷாமிலாவின் தமக்கையும் கிருஷ்ணவேணியும் கொஞ்சம் இழுபட்டார்கள். கிருஷ்ணவேணி மூடியில் அடுப்புச் சுட்ட தழும்பைக் காட்டினாள், தீர்ந்தது. ஐஸ்கிரீம் டப்பா நாலும் ஏன் எங்களுக்கு, நீங்களே வைத்திருங்கள் என்று சொந்தக்காரர் சொன்னார்கள். அதையும் தேய்த்த கையை நீக்கிலாப்பிள்ளை பார்த்துக்கொண்டார்.

கிருஷ்ணவேணி கிட்ட வந்தாள். இந்தக் கட்டடத்துக்கு வந்து ஒரு வருசம் ஆகிறது, லிப்டில் தலையாட்டுவதோடு சரி, இன்றைக்குத்தான் எல்லாரோடும் உட்கார்ந்து பேசினேன், நீங்கள் கூப்பிட்டதால்தான், ரொம்ப நன்றி என்றாள். நன்றி சொல்ல வந்த இடத்தில் தனக்கே நன்றி கிடைக்கும் என்று நீக்கிலாப்பிள்ளை நினைக்கவில்லை. இன்னொரு கட்லட்டை அவள் தட்டில் வைத்தார்.

அப்போதுதான் ஒன்பதாம் மாடிப் புனிதவதி அக்கா, எழுபத்தெட்டு வயது, முதல் நாள் இடியப்பம் தந்த மனுசி, மேசையின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை நடந்து பார்த்துவிட்டு வந்து நின்றார்.

“தம்பி, என்ரை கண்ணாடிச் சட்டி எங்கை?”

நீக்கிலாப்பிள்ளைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அதற்குத் தேங்காயெண்ணெய் போதாது. அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு ஜோசுவா வந்தான். கையில் கண்ணாடிச் சட்டி. சட்டி நிறைய மாலு பாண், மீன் அடைத்தது. பாண் தந்த ஆளுக்குச் சட்டி வந்தது, விருந்து என்று சொன்னார்கள், வெறும் சட்டியோடு வரலாமா என்று பேக்கரிக்குப் போய்வந்தேன் என்றான். புனிதவதி அக்கா சட்டியை வாங்கித் தூக்கி, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“என்ரைதான். எவ்வளவு வடிவாய் மினுக்கியிருக்கிறாய் தம்பி” என்று ஜோசுவாவின் கன்னத்தைத் தடவினார்.

“அதுக்கென்ன அக்கா” என்றான் ஜோசுவா.

காலையிலிருந்து தேய்த்தவர் நீக்கிலாப்பிள்ளை. பேர் வாங்கினவன் அவன். ஜோசுவா அவர் பின்னால் வந்து முதுகில் தட்டப் போனான். கை பாதியில் நின்றது. சிரித்தான். ஷாமிலாவைக் கூப்பிட்டான். அவளும் வந்து பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு முழுக்க அவருக்குப் பின்னால் நடந்து போன எல்லாருமே சிரித்துக்கொண்டுதான் போனார்கள். கட்லட் அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று நீக்கிலாப்பிள்ளை எடுத்துக்கொண்டார்.

நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள். பத்தொன்பது சட்டிக்கும் கணக்குத் தீர்ந்தது, ஒரு சண்டை இல்லை, ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. கதிரையில் காலை நீட்டிப் பெருமூச்சு விட்டார்.

யூஜினி தன்னுடைய பூசைப் புத்தகத்தைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த இரண்டு கடதாசியை எடுத்து அவர் மடியில் போட்டாள். முதலாவதில் நிலாணியின் கையெழுத்து. கறுப்பு மூடி, ஷாமிலா. நீல மூடி, சுட்ட தழும்பு, கிருஷ்ணவேணி. கண்ணாடிச் சட்டி, புனிதவதி அக்கா. பத்தொன்பதும் நிரையாக.

“உது எப்ப எழுதினது?”

“சட்டி வர வர. பிள்ளையைக் கொண்டு எழுதுவிச்சனான். டேப் எந்த நேரமும் கழரும்.”

“பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள் கேக்கேல்லை.”

இரண்டாவது கடதாசி ஹோல் கேட்ட விண்ணப்பம். இதே ஞாயிற்றுக்கிழமை. அதைக் கொடுத்த திகதி பதினாறு நாளுக்கு முந்தியது. நீக்கிலாப்பிள்ளை அதை இரண்டு தரம் வாசித்தார். பசை போகாது என்று அவள் வாசலில் நின்று சொன்னது காதில் திரும்பக் கேட்டது. எழும்பி அறைக்குள் போய்ச் சட்டையைக் கழற்றினார்.

முதுகுப் பக்கத்தில் ஏதோ கையில் தட்டுப்பட்டது.

மாஸ்கிங் டேப். கறுப்பு மையில், நடுங்கி நடுங்கி எழுதின எழுத்து. யூஜினி, 1104.

“தோய்க்கப் போட முதல் அதை உரிச்சுப்போடுங்கோ” என்று குசினியிலிருந்து சத்தம் வந்தது. “புது எண்ணெய்ப் போத்தல் வாங்கி வைச்சிருக்கிறன். தலைக்கு எண்டு சொல்லியே எடுங்கோ.”

நீக்கிலாப்பிள்ளை கட்டிலில் இருந்து, சட்டையை மடியில் விரித்து வைத்துப் பார்த்தார். ஆறு கிழமைக்குப் பிறகு அந்தக் கை எழுதின எழுத்து. பரவாயில்லை, வாசிக்கலாம். லேபல் மட்டும் ஒரு பக்கம் நன்றாகச் சரிந்திருந்தது. தொழிற்சாலையில் என்றால் யோசிக்காமல் திருப்பி அனுப்பியிருப்பார்.

எங்கே அனுப்புவது? போட்டிருக்கிற முகவரி இந்த வீடுதான்.